ரானுயிக்காரர் எழுதிய பக்கம்

எங்கள் கிறிஸ்தவச் சபையின் முப்பதாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நான் மலேசியாவில், ஈப்போவில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் குடியேறிய இந்த வெள்ளைக்கார நாட்டில், பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் சபை தொடங்கிய நாள்முதல் தன் கடைசி நாள்வரை அதன் செயலாளராக இருந்த பீட்டர் என் அண்ணன். எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்து ஆலயத்தில் உபதேசியார். உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள் என்றால் ஈப்போவில் இன்றும் எழுந்து நின்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரை இந்த ஊருக்கு எடுத்து வந்தவர் அண்ணன். அவருக்குப் பின் சபை மண்டபத்தின் சாவியும் அந்தப் பெயரும் என் கைக்கு வந்தன.

கட்டுரையை ஒழுங்காகவே எழுதினேன். ஒரு வீட்டின் முன்னறையில் ஜெபக்கூட்டமாகத் தொடங்கியது, வெள்ளைக்காரச் சபையார் தங்கள் மண்டபத்தை முதலில் ஞாயிறு பிற்பகல்களிலும் பிறகு சாவியோடு முழுதாகவும் எங்களுக்குத் தந்தது, மலேசியாவிலிருந்து வந்த போதகர்களின் பெயர்கள், அண்ணனின் உழைப்பு எல்லாம் அதில் இருந்தன. நடுவில் ஒரு வாக்கியம்: 'அக்காலத்தில் சில குடும்பத்தார் வேறு உபதேசத்தை நாடி ரானுயிக்குப் பிரிந்து சென்றனர்.' அந்த வாக்கியத்தை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

மலரைத் தொகுத்தவள் அண்ணன் மகள் ஷாமினி. பக்கத்து நியூ லின்னில் பல் மருத்துவராக இருக்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்திருந்துவிட்டு, மாலையில் பல்கலைக்கழகத்தின் இணைய வகுப்பில் எபிரேய வேதத்தைப் படிக்கிறாள். வேதத்தைப் படிப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் படிக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எந்தப் புத்தகத்தை யார், எப்போது, எதிலிருந்து எடுத்துத் தொகுத்தார்கள் என்று பார்ப்பது அந்தப் படிப்பு. ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், பல்லைப் பார்த்தால் எது முளைத்தது, எது கட்டினது என்று அவளுக்குத் தெரியுமாம், வேதத்தில் சாமுவேலின் புத்தகத்தைப் பார்த்தாலும் அப்படித்தானாம்.

ஒரு சனிக்கிழமை அண்ணி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, ரானுயி ஆளுங்கள பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்கு."

"அவ்வளவுதான் இருக்கு சொல்றதுக்கு."

"இப்பதான் திரும்பி வந்துட்டாங்களே. கிளமென்ட் அங்கிள்கிட்ட அவங்க கதைய எழுதி வாங்கிப் போட்டா என்ன?"

ஊரின் மேற்குக் கோடியில் இருந்த ரானுயிச் சபை கலைந்துபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அங்கிருந்த இளங்குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன. மிஞ்சியவர்களால் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஒரு வேனில் ஏற்றிவிடலாம் என்கிற அளவுக்குக் குறைந்துபோனவர்கள் கிளமென்ட்டின் தலைமையில் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். வந்த நாளிலிருந்து கடைசி வரிசையில் உட்காருவார்கள். ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்குவதும் தேநீர்க் கோப்பை கழுவுவதும் அவர்கள்தான். யாரும் அவர்களைச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஒரு மலரில் இரண்டு வரலாறு எப்படி இருக்க முடியும் என்று கேட்டேன். ஷாமினி அதற்காகவே காத்திருந்தவள்போல் ஆரம்பித்தாள். வேதத்தில் இராஜாக்களின் புத்தகங்களைத் தொகுத்தவர்கள், இரண்டாகப் பிரிந்த நாட்டில் தெற்கே யூதாவைச் சேர்ந்தவர்கள் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்தாம். அதனால்தான் வடக்கே ஆண்ட இஸ்ரவேல் ராஜாக்களை எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் பொல்லாதவர்கள் என்று சொல்லித் தள்ளிவிட்டுப் போகிறார்களாம். உம்ரி என்ற ராஜா வடக்கின் தலைநகரான சமாரியாவைக் கட்டியவன். அவன் வம்சம் போன பிறகும் அசீரியர்கள் அந்த நாட்டை அவன் பெயரால் அழைத்தார்கள். நம் வேதத்தில் அவனுக்குக் கிடைத்தது சில வசனங்கள்தான்.

"உங்க கட்டுரையில ரானுயிக்குக் கிடைச்ச மாதிரி" என்றாள்.

அவள் தொடர்ந்தாள். சமாரியா விழுந்தபோது வடக்கத்தியார் பலர் உயிர் பிழைக்கத் தெற்கே ஓடிவந்தார்கள். வரும்போது தங்கள் தீர்க்கதரிசிகளான எலியா, எலிசா கதைகளையும் கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். தெற்கத்தியார் அவற்றைத் தூக்கி எறியவில்லை. தங்கள் புத்தகத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். அங்கங்கே ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது, ஆனாலும் வைத்துக்கொண்டார்கள்.

வேதத்தை யாரோ கத்திரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து செய்ததுபோல் அவள் பேசியது எனக்கு உறுத்தியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், எனக்குப் பிடித்தது அந்த ராஜாக்களின் கதையையே திரும்பச் சொல்லும் நாளாகமம் என்று சொன்னேன். அதே தாவீது அதில் வருகிறான். ஆனால் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைச் சாகவைத்த காரியம் அதில் இல்லை. அதனால் தாவீதின் பெருமைக்கு என்ன குறை வந்துவிட்டது என்று கேட்டேன்.

"நாளாகமம் ரொம்பப் பிந்தி எழுதினது சித்தப்பா. ஆலயத்த திரும்பக் கட்டி, ஜனங்களுக்குத் தெம்பு வேணும்கற காலம். அதனால நல்லத எடுத்துக்கிட்டாங்க. ஆனா சாமுவேலும் ராஜாக்களும் முடிஞ்ச ரூபத்துக்கு வந்தது எருசலேம் எரிஞ்சதுக்கு அப்புறம்னு சொல்றாங்க. பாபிலோன்ல கைதியா உக்காந்துகிட்டு, ஏன் நமக்கு இப்படி ஆச்சுன்னு கேக்கறவங்க எழுதின புஸ்தகம் அது. எதிரி கெட்டவன்னு எழுதலாம்ல? எழுதல. நாங்கதான் கெடுத்தோம்னு எழுதி வச்சிருக்காங்க. அவங்களோட பெரிய ராஜா பண்ண அசிங்கத்த அவங்க புஸ்தகத்துலேயே வச்சாங்க."

பிறகு என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாளோ என்னவோ, மனாசேயின் தாய் பெயர் என்ன என்று கேட்டாள். ஈப்போ ஞாயிறு பள்ளியில் யூதாவின் ராஜாக்களையும் அவர்களின் தாய்மாரையும் வரிசையாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். எப்சிபாள் என்று உடனே சொன்னேன். அவள் கைதட்டினாள். மனாசேபோல ஒரு மோசமான ராஜாவுக்கும் தாய் பெயரை விடாமல் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் என்றாள். வடக்கு ராஜாக்களுக்குப் பெரும்பாலும் அது இல்லை. வடக்கத்தியானின் தாய் பெயரைக் கேட்டு எழுத வேண்டும் என்று தெற்கே யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது என்றாள்.

அண்ணி எலிசபெத் சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளமென்ட் என்ன எழுதிவிடுவாரோ என்ற பயம் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். ஷாமினிக்கு அது தெரியாது. அந்தக் காலத்தில் அவள் தூரத்து ஊரான டனீடனில் படித்துக்கொண்டிருந்தாள். நானும் அப்போது ஈப்போவில்தான் இருந்தேன். நடந்ததை அண்ணி எனக்குப் பிற்பாடு சொன்னார்.

கிளமென்ட்டின் அப்பா கிறிஸ்தவர். அம்மா கடைசிவரை இந்துவாகவே இருந்தவர். மலேசியாவில் கிள்ளானிலிருந்து மகனிடம் வந்து சேர்ந்த பிறகு அந்த அம்மா ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவாராம். நெற்றியில் திருநீறோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டுகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து கூடப் பாடுவாராம். அவர் இறந்தபோது, அவர் உட்கார்ந்திருந்த மண்டபத்திலேயே ஒரு ஜெபம் செய்து அனுப்ப வேண்டும் என்று கிளமென்ட் கேட்டார். ஞானஸ்நானம் பெறாதவருக்கு மண்டபத்தைத் திறக்க முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். நேரில் போனால் மனம் இரங்குவார் என்று நினைத்துச் சவப்பெட்டியோடு வந்துவிட்டார்கள். இங்கே குளிர்காலமான ஆகஸ்ட் மாதத்து மழை. கதவு திறக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில், சவ வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, குடைகளைப் பிடித்துக்கொண்டு அவர்களே பாடி ஜெபித்து எடுத்துப் போனார்கள். அன்றைக்கு அந்த மழையில் நின்ற குடும்பங்கள்தான் ரானுயிக்குப் போன குடும்பங்கள். வேறு உபதேசம் எதையும் யாரும் நாடவில்லை.

அண்ணன் அந்த நேரம் முழுக்க மண்டபத்துக்குள்ளே இருந்தார். வேறு யாரும் இரக்கப்பட்டுத் திறந்துவிடக் கூடாது என்று, விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

இதைத்தான் நான் ஒரு வாக்கியத்தில் மூடியிருந்தேன். இப்போது கிளமென்ட் எழுதினால் எல்லாம் அச்சில் வரும். அண்ணன் பிள்ளை படிப்பாள். ஈப்போவுக்கும் பிரதி போகும்.

அடுத்த வாரம் ரானுயிக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். அண்ணி கறி பஃப் செய்து டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார். எதற்குப் போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிளமென்ட் பென்ரோஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். வேலை நாளாயிற்றே, வீட்டில் இருப்பாரோ மாட்டாரோ என்று நினைத்தேன். இருந்தார். அவர் மனைவி ஷாமளா, வெளியே அத்தனை வெயில் அடிக்கும்போது, கம்பளிக் குல்லாவும் போர்வையுமாகச் சோபாவில் சாய்ந்திருந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"ட்ரீட்மென்ட் போகுதுண்ணே. ரெண்டாவது தடவ." ஏதோ பஸ் வர நேரமாகிறது என்பதுபோல் சொன்னாள். பிறகு சிரித்தாள். "கறி பஃப் வாசம் வருது. அக்கா கை வாசம். எனக்குத்தான் ஒண்ணும் உள்ள போக மாட்டேங்குது. இவரு நல்லா சாப்பிடுவாரு, பயப்படாதீங்க."

மாதக்கணக்காக எங்கள் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். அவள் வராமல்போன ஞாயிற்றுக்கிழமைகளை நான் கவனிக்கவே இல்லை. அந்த வீட்டில் அப்போதே எழுந்து திரும்பியிருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. சுவரில் ஒரு வயதான அம்மாவின் படம், நெற்றியில் திருநீறு, பிளாஸ்டிக் மல்லிகை மாலை. அதற்கு முதுகு வரும்படி நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேச்சை ஆரம்பித்தேன்.

மலர் வரும் தலைமுறை படிக்கப்போகிற காரியம் என்றேன். பிள்ளைகள் மனதில் நல்லதுதான் பதிய வேண்டும் என்றேன். கசப்பான சங்கதிகளால் யாருக்கும் ஆசீர்வாதம் இல்லை என்றேன். கிளமென்ட் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. ஷாமளாவின் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"புரியுதுண்ணே. நீங்க கவலப்படாம போங்க."

வெற்றி பெற்றவன்போல் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு ஞாயிறு கழித்துக் கிளமென்ட்டின் பக்கம் வந்தது. ஷாமினி அண்ணியையும் என்னையும் மேசையில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினாள். நான் பயந்த எதுவும் அதில் இல்லை. மழை இல்லை, வண்டி இல்லை, பூட்டிய கதவு இல்லை. அவருடைய தாயார் இறந்ததாகவே அதில் இல்லை. மேற்கே குடியிருந்தவர்களுக்கு வந்துபோவது தூரமாக இருந்ததால் ரானுயியில் ஒரு கூடுகை தேவைப்பட்டது என்று எழுதியிருந்தார். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: 'நாங்கள் புறப்பட்டபோது பீட்டர் அண்ணன் எங்களுக்காக ஜெபித்து, கையில் பாட்டுப் புத்தகங்களையும் கொடுத்து, கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்லி அனுப்பினார். அந்த அன்பை நாங்கள் மறக்கவில்லை.'

ஷாமினி வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"அப்பா இப்படிப் பண்ணாருன்னு யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா. கடுமையான மனுஷன்னுதான எல்லாரும் சொல்வாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆண்டு விழா அன்னிக்கு இத நான் எழுந்து வாசிக்கப்போறேன். கிளமென்ட் அங்கிள் குடும்பத்த முன் வரிசையில உக்கார வைக்கணும்."

அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே ஒன்றும் கிடக்கவில்லை.

நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. அண்ணனின் பெயர் பத்திரம். அவரால் வெளியே நிறுத்தப்பட்டவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். விழா நாளில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். மழையில் நின்றவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து, கதவு திறந்திருந்ததாக அண்ணன் மகள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மேடையில் நான் இருப்பேன். அவர்கள் கைதட்டவும் வேண்டியிருக்கும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த கிளமென்ட்டை வெளியே அழைத்தேன். பேச வேண்டிய இடம் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. அதை நான் திட்டமிடவில்லை. அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

"இல்லாதத ஏன் எழுதினீங்க கிளமென்ட்?"

"நீங்கதானே நல்லதா எழுதச் சொன்னீங்க."

"நடந்தத விடச் சொன்னேன். நடக்காதத எழுதச் சொல்லல."

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். எங்கள் மண்டபத்து நாற்காலிகளைத் துடைத்த துணி. கோபமாக ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் முதுகு நிமிர்ந்தே பழகியது, கோபத்தை எதிர்கொள்ளத் தெரியும்.

"அண்ணே, டாக்டர் இனிமே பெரிசா ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. ஷாமளாவுக்கும் தெரியும். அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அத்தைய வெளிய வச்சி அனுப்பின மாதிரி என்னைய அனுப்பிடாதீங்கன்னா. ரானுயி ஹால் போச்சு. இந்தக் கதவு சாவி உங்ககிட்ட இருக்கு. நீங்க வீடு தேடி வந்து கேட்டீங்க. நான் என்ன எழுதுவேன் சொல்லுங்க."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் மீதி நாற்காலியை அடுக்க உள்ளே போய்விட்டார். நான் காரில் ஏறிச் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் மன்னித்து எழுதினார் என்றுதான் வீட்டிலிருந்து வரும்போதுகூட மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தின் மேல் உள்ள மரியாதை என்று. அது ஒரு கதவுக்காகக் கொடுத்த விலை. அந்த விலையை அவர் வீட்டுக்குப் போய், நோயாளியின் முன்னால் உட்கார்ந்து, கறி பஃப் டப்பாவைக் கையில் கொடுத்துக் கேட்டு வாங்கி வந்தவன் நான். அண்ணனாவது தான் நம்பிய ஒரு சட்டத்துக்காகக் கதவைப் பூட்டினார். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

மறுநாள் மாலை ஷாமினியின் மருத்துவமனைக்குப் போனேன். கடைசி நோயாளி போய்விட்டிருந்தார். அவள் அறையில் அவள் உட்காரும் சக்கரம் வைத்த முக்காலியைத் தவிர இருந்தது நோயாளி சாயும் நாற்காலி ஒன்றுதான். அதன் விளிம்பில் நேராக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, மழை, குடைகள், ரானுயிக்கு நான் போனது, கிளமென்ட் முந்தின நாள் சொன்னது. என் குரல் பள்ளி அறிக்கை வாசிக்கும் குரலாகவே இருந்தது. வேறு குரலில் சொல்ல எனக்கு வரவில்லை.

அவள் கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா உள்ளேயே இருந்தாரா?"

"ஆமா."

"அவங்க பாடுனது கேட்டிருக்கும்ல?"

"கேட்டிருக்கும்."

பிறகு, அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். தலையை ஆட்டினாள். தாவீதின் கதையை அந்தப் புத்தகத்தில் வைத்தவர்களைப் பற்றி அன்றைக்கு அவ்வளவு சுலபமாகப் பேசியவள், இப்போது ஒரு கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை என்று காத்திருந்தேன்.

"கிளமென்ட் அங்கிள் பக்கத்துல நான் கை வைக்க மாட்டேன். அது அவர் குடுத்தது. எடுக்கறதும் வைக்கறதும் அவர் இஷ்டம்" என்றாள் கடைசியில். "உங்க பக்கத்த நீங்க எழுதுங்க சித்தப்பா. நான் விழாவுல எதையும் வாசிக்கல."

எழுதினேன். 'வேறு உபதேசத்தை நாடி' என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பத்தி. அன்று மண்டபத்தைத் திறக்க மறுத்தவர் அப்போதைய செயலாளர், உபதேசியாரின் மூத்த குமாரர், என் அண்ணன் பீட்டர் என்று முழுசாக எழுதினேன். கிளமென்ட்டின் தாயாருடைய பெட்டி மழையில் நின்றது என்று எழுதினேன். அவர்கள் பிரிந்து போனதற்கு அதுதான் காரணம், வேறு காரணம் இல்லை என்று எழுதினேன். அண்ணியிடம் முதலில் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அவரு பேர கெடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா தம்பி" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டிலிருந்து எனக்குச் சாப்பாட்டு டப்பா வருவதில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. அவரிடம் தவறு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அச்சுக்குப் போகுமுன் இரண்டு பக்கங்களையும் கிளமென்ட்டிடம் காட்ட வேண்டும் என்று ஷாமினி கண்டிப்பாகச் சொன்னாள். ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் மண்டபத்து வாசலில் அவரைப் பிடித்தேன். முதலில் உபரிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். எப்போது வேண்டுமானாலும், யாரையும் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம் என்றேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எங்கே பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை.

பிறகு தாள்களைக் கொடுத்தேன். காரின் முன்மூடியின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் முழங்கையை ஊன்றிக்கொண்டு படித்தார். அவருடைய பக்கத்தில் என் அண்ணன் நல்லவர். என் பக்கத்தில் கதவு பூட்டியிருந்தது. ஒன்றை ஒன்று பொய்யாக்கும் இரண்டு பக்கங்கள் அடுத்தடுத்து இருந்தன. அவருடையதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் இருக்கட்டும்ணே. ஏன் நான் அப்படி எழுதினேன்னு படிக்கறவங்களுக்குப் புரியும்."

தாளை என்னிடம் நீட்டினார். நான் வாங்கியபோது அவர் விடவில்லை. ஒரு ஓரத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு."

என்ன என்று பார்த்தேன். அவர் விரல் 'கிளமென்ட்டின் தாயாருடைய' என்ற இடத்தில் இருந்தது. அந்தப் பத்தியில் என் அண்ணனுக்குப் பெயர் இருந்தது, பதவி இருந்தது, தகப்பனின் பெருமைகூட இருந்தது. எப்சிபாளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசியும், இந்த அம்மாவின் பெயரை நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

"அம்மா பேரு மரகதம், அண்ணே" என்றார் கிளமென்ட்.

பேனாவை எடுத்தேன். உள்ளே முதல் பாட்டு தொடங்கிவிட்டது. காரின் மேல் குனிந்து, அச்சடித்த எழுத்துகளுக்கு மேலே, இருந்த கொஞ்ச இடத்தில் அதை எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. அவர் பக்கத்திலேயே நின்று, நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.